ஒலியியல் படித்தால் பேசும்போது நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியை, பேச்சொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராயும் ஒலியியலில் சான்றிதழ்ப் படிப்பு முடித்திருக்கிறார். அதன்பிறகு பேசும்போதெல்லாம் நாக்கு போகும் வழி தனக்குத் தெரிவதுபோல் இருக்கிறது என்கிறார். சில நேரம் பேச்சே தடுமாறுகிறதாம். இது உண்மையான உணர்வா, பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பார்த்து வந்த கற்பனையா, இப்படியே நிலைத்துவிடுமா என்று கேட்கிறார். வீட்டில் அப்பத்தாவிடம், "ழ சொல்லும்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்டதற்கு, "வேறெங்கே இருக்கும், வாய்க்குள்ளேதான்" என்று பதில் வந்ததாம்.

அப்பத்தா சொன்னதில் தப்பில்லை. எழுபது எண்பது வருடம் பிசகில்லாமல் பேசியவருக்கு அதற்கு மேல் தெரிய வேண்டிய தேவை இருந்ததில்லை. உங்களுக்குத் தெரியத் தொடங்கியிருப்பது பாதி உண்மை, பாதி காது சொல்லிக்கொடுத்தது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்க முடியும். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒலியியல் பயிற்சி நாக்குக்குப் புதிய உணர்வு எதையும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் உணர்வை எங்கே தேடுவது, எப்படி நிறுத்திப் பார்ப்பது, என்ன பெயர் சொல்வது என்று பழக்குகிறது. இருக்கும் உணர்வோ நாக்கு முழுவதும் ஒரே சீராக இல்லை. அதனால் பயிற்சியின் பலனும் சீராக இருப்பதில்லை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். பந்து, பன்னீர், பண்டம், பஞ்சு, பங்கு. ஐந்திலும் மூக்கொலி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் அந்த மூக்கொலியில் நிறுத்துங்கள். அடுத்த எழுத்துக்குப் போகாதீர்கள். பந்துவில் நாக்கு மேல்வரிசைப் பல்லின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது சந்தேகமில்லாமல் தெரியும். பன்னீரில் பல்லை விட்டுச் சற்று மேலே, ஈறு மேடாக இருக்கும் இடம். பண்டத்தில் நுனி பின்னால் மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. பஞ்சில் நுனி கீழே படுத்துவிடும், நடுநாக்கு எழும்பும். இதைச் சொல்ல மாணவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பங்கு வந்ததும் வகுப்பே விழிக்கும். "பின்னால் எங்கேயோ சார்" என்பார்கள். சிலர் தொண்டையைக் காட்டுவார்கள். சிலர் நாக்கு எதையும் தொடவே இல்லை என்று சாதிப்பார்கள். ஆனால் அவர்களின் பின்நாக்கு அந்த நேரத்தில் மெல்லண்ணத்தோடு, அதாவது மேல்வாயின் மென்மையான பின்பகுதியோடு, ஒட்டி வாய்வழிக் காற்றை முழுக்க அடைத்துக்கொண்டு இருக்கும். மாணவர் புத்திசாலியா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நரம்பு அப்படி அமைந்திருக்கிறது.

நாக்கின் முன்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தொடுவுணர்வை முக்கிளை நரம்பின் கிளை ஒன்றின் வழியாக மூளைக்கு அனுப்புகிறது. பின்பங்குக்கு நாத்தொண்டை நரம்பு. அசைப்பதற்கு வேறொரு நரம்பு, நாவடி நரம்பு. உடம்பிலேயே மிகக் கூர்மையான தொடுவுணர்வு உள்ள இடங்களில் நாநுனி ஒன்று. ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள் பட்டால்கூட இரண்டு என்று சொல்லிவிடும். மீன் சாப்பிடும்போது மயிரிழை முள்ளை நுனிநாக்கு பிடித்துவிடுவதும், அதே முள் பின்னால் நழுவிவிட்டால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சோற்று உருண்டையை விழுங்கித் தவிப்பதும் இதனால்தான். நுனியிலிருந்து பின்னால் போகப் போக அந்தக் கூர்மை குறைந்துகொண்டே வருகிறது.

தொடுவுணர்வு ஒன்று. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்ற உணர்வு வேறு. முழங்கையை மடித்தால் கண்ணை மூடிக்கொண்டும் எத்தனை பாகை மடித்தோம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மூட்டு இருக்கிறது, எலும்பு இருக்கிறது. நாக்குக்குள் எலும்பும் இல்லை, மூட்டும் இல்லை. தசைநார்களுக்குள் நீட்சியை உணரும் உறுப்புகள் மனித நாக்கில் உண்டு. ஆனாலும் எதையும் தொடாமல் வாய்க்கு நடுவில் நிற்கும் நாக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை உணர்வது பெரும்பாடு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உயிரொலிகளுக்கு வரும்போது தேவைப்படும்.

நன்றாகச் செய்வது வேறு, செய்வதைத் தெரிந்துகொள்வது வேறு. நம் பக்கத்துக் குலவையே அதற்குச் சாட்சி. முளைப்பாரி எடுக்கும்போதும் பொங்கல் பொங்கும்போதும் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலிலும் ஊரே அதிரக் குலவை போடும் பெண்களிடம், "நாக்கைப் பக்கவாட்டில் ஆட்டுகிறீர்களா, மேலும் கீழுமாகவா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். சிலர் போட்டுப் பார்த்த பிறகும் தயங்குவார்கள். குலவையிலாவது வாய் திறந்திருக்கிறது, எதிரே இருப்பவருக்கு நாக்கு தெரியும். பேச்சில் அதுவும் இல்லை.

பயிற்சி என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். நல்ல ஆசிரியர் கையாளும் உத்திகள் மூன்று. மூன்றும் காதை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நாக்கைக் கவனிக்க வைப்பவை.

முதலாவது, நிறுத்துவது. மேலே செய்தது அதுதான். இரண்டாவது, சத்தமே இல்லாமல் சொல்வது. கிசுகிசுப்புக்கூட வேண்டாம், வாய் மட்டும் அசைய வேண்டும். ஒலி கேட்காதபோதுதான் தசையின் அசைவும் தொடுகையும் கவனத்துக்கு வருகின்றன. ஜே. சி. காட்ஃபோர்ட் என்ற ஒலியியலாளர் இந்த மௌனப் பயிற்சியைத் தம் கற்பித்தல் முறைக்கே அடித்தளமாக வைத்திருந்தார். 'ஈ', 'ஊ' இரண்டையும் மௌனமாக மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். உதடு குவிவது மட்டும்தான் முதலில் தெரியும். இப்போது உதட்டைக் குவித்தபடியே வைத்துக்கொண்டு, 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் நாக்கை மட்டும் போக விடுங்கள். நாக்கு மொத்தமாக முன்னும் பின்னும் நகர்வது பலருக்கு அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவரும். இத்தனை காலமும் உதடுதான் எல்லாம் செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒலியின் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பது. 'ல்' என்று நிறுத்தி, நாக்கை அசைக்காமல் வாய்வழியாகக் காற்றை இழுங்கள். நாக்கின் ஓரங்களில் குளிர்ச்சி தெரியும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும். காற்று எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியைக் குளிர்ச்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ஸ்' நிலையில் இழுத்தால் குளிர்ச்சி நடுவில், முன்பக்கம். 'ள்' நிலையில் மறுபடி ஓரங்களில். 'ழ்' நிலையில் இழுத்தால் ஓரங்களில் வராமல் நடுவழியாக, மடிந்த நுனியைச் சுற்றிக்கொண்டு போகும். ள், ழ் வேறுபாட்டைக் கரும்பலகையில் படம் போட்டு அரைமணி நேரம் விளக்குவதைவிட இந்த ஒரு மூச்சு மேல்.

அது சரி, நாக்கு தொடுகிறது, தொடவில்லை என்று நாம் சொல்வது சரியா என்று எப்படித் தெரியும்? இதற்குப் பழைய, செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒலியியலாளர்கள் கரித்தூளை ஆலிவ் எண்ணெயில் குழைத்து நாக்கில் தடவி, ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, கண்ணாடியை வாய்க்குள் காட்டி அண்ணத்தில் எங்கே கறை படிந்திருக்கிறது என்று படம் எடுப்பார்கள். நம் வகுப்பறைக்குக் கோகோ பொடியும் நல்லெண்ணெயும் போதும். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சோதிக்க வேண்டிய மெய்யைத் தவிர மற்ற மெய்யெல்லாம் உதட்டில் பிறப்பதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது எந்தக் கறை என்று தெரியாது. மொத்தம், மட்டம், பள்ளம், பழம். இந்த நான்கும் அப்படிப்பட்டவை.

'பழம்' வைத்துச் செய்த சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவகங்கை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடுவது ஊரறிந்தது. ஆனால் படித்தவர்கள் தங்களைப் பொறுத்தவரை அப்படி இல்லை என்று நம்புவார்கள். ஒரு மாணவி, மேடையில் கவிதை ஒப்புவித்துப் பரிசெல்லாம் வாங்கியவர், தன் நாக்கு அண்ணத்தைத் தொடவே இல்லை, சுத்தமான ழகரம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். 'பழம்' என்று ஒருமுறை, இயல்பாக. கண்ணாடியில் பார்த்தால் அண்ணத்தின் நடுவில், மேட்டுக்குப் பின்னால், கட்டைவிரல் நுனியளவு பழுப்புக் கறை. தொட்டிருக்கிறது. வாய் கொப்பளித்துவிட்டு, இந்த முறை மேடையில் சொல்வதுபோல் சொன்னார். நடுவில் கறை இல்லை. இரண்டு ஓரங்களில் மட்டும், கடைவாய்ப் பற்களை ஒட்டி. இரண்டு முறையும் அவருக்கு நாக்கு ஒரே மாதிரிதான் இருந்ததாகத் தோன்றியது. அவர் பொய் சொல்லவில்லை. 'ழ சொல்கிறேன்' என்ற எண்ணம் உணர்வை மூடிவிட்டது. கறையைப் பார்த்தபிறகு நாலைந்து முறை மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகியதும், கண்ணாடி இல்லாமலே எது தொட்டது எது தொடவில்லை என்று அவரால் சரியாகச் சொல்ல முடிந்தது. பயிற்சி என்பதன் சாரம் எனக்கு இதுதான்: வெளியே ஒரு சாட்சி, அதை வைத்து உள்ளுணர்வைத் திருத்திக்கொள்வது. சாட்சி இல்லாமல் வெறுமனே 'உணருங்கள், உணருங்கள்' என்று சொல்லிக்கொடுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

சாட்சியே இல்லாமல், எக்ஸ்ரே இல்லாமல், தன் வாயை மட்டும் வைத்து ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும்? அதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியலை ஒலியியல் படித்த கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். மெய்களில் துல்லியம் அசரவைக்கிறது. க, ங முதல்நாவும் முதல் அண்ணமும். ச, ஞ இடைநாவும் இடையண்ணமும். ட, ண நுனிநாவும் நுனியண்ணமும். ற, னவுக்கு நுனி மேல்நோக்கி அண்ணத்தை ஒற்ற வேண்டும். ர, ழவுக்கு வருட வேண்டும். லகரத்தில் ஒற்றல், ளகரத்தில் வருடல். ஒற்றுவதையும் வருடுவதையும் வேறுபடுத்தும் அளவுக்கு அந்த ஆசிரியர் தம் நாக்கைக் கவனித்திருக்கிறார். மேலே நாம் கோகோ பூசிக் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட அதே வகை வேறுபாடு.

இனி உயிர்களுக்கு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அ, ஆவுக்கு வாயைத் திறத்தல். இ, ஈ, எ, ஏ, ஐக்கு வாய் திறப்பதோடு, நாவிளிம்பு மேல்வாய்ப் பல்லின் அடியைப் பொருந்துதல். உ, ஊ, ஒ, ஓ, ஔவுக்கு இதழ் குவிதல். அவ்வளவுதான். இகரத்தில் நாக்கின் ஓரம் பல்லைத் தொடுகிறது. தொடுகை இருக்கிறது, ஆகவே நாக்கைப் பற்றிச் சொல்கிறார். உகரத்தில் நாக்கு எதையும் தெளிவாகத் தொடுவதில்லை. உதட்டைச் சொல்கிறார், நாக்கை விட்டுவிடுகிறார். ஈக்கும் ஏக்கும் நாக்கின் உயரம் வேறு, ஊவுக்கும் ஓவுக்கும் வேறு. அந்த உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. தொட்டதையும் கண்ணால் கண்டதையும் சொன்னார், மற்றதை ஊகித்து எழுதவில்லை.

ஐரோப்பாவில் அந்த ஊகத்தைச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உயிரொலிகளை நாக்கின் உயரத்தை வைத்து வகைப்படுத்தும் முறை வேரூன்றியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் அதை ஒழுங்குபடுத்தி, எந்த மொழி உயிரொலியையும் ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோலாக அடிப்படை உயிர்கள் என்று ஒரு வரையறை கொடுத்தார். 1917இல் நாக்கின் மேல் மெல்லிய உலோகச் சங்கிலியைப் படியவைத்து, எக்ஸ்ரேயில் நாக்கின் வளைவு தெரியும்படி படமும் எடுத்தார். உயிரொலிகளை நாக்கின் உயரத்தையும் முன்பின் நிலையையும் வைத்து இடம் குறித்துக் காட்டும், இன்று உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் சரிந்த நாற்கரம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் 1928இல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரஸ்ஸல் ஏராளமான எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு கடுமையாகவே எழுதினார்: ஒலியியலாளர்கள் காதால் கேட்பதைத்தான் நினைக்கிறார்கள், அதை நாக்கின் நிலை என்ற கற்பனையில் சொல்கிறார்கள் என்று. படங்களில் நாக்கு நாற்கரத்துக்குக் கட்டுப்படாமல் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்தது.

ரஸ்ஸல் சொன்னது கொஞ்சம் மிகைதான். ஆனால் உங்கள் கேள்விக்கு அது நேரான பதில். 'ஏ சொல்லும்போது என் நாக்கு ஈயைவிடக் கீழே இருப்பதை உணர்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், அதில் தாடை இறங்கியதை உணர்ந்தது ஒரு பங்கு, ஓரம் பல்லை விட்டு விலகியதை உணர்ந்தது ஒரு பங்கு, மிச்சமெல்லாம் காது சொன்னதை நாற்கரத்தில் பொருத்திப் பார்த்தது. இதனால் பயிற்சி வீண் என்று ஆகிவிடாது. பின்னாளில் பீட்டர் லடெஃபோகெட் என்ற ஒலியியலாளர், மற்ற ஒலியியலாளர்களிடம் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி உயிரொலிகளைக் கேட்கவைத்து நாற்கரத்தில் குறிக்கச் சொன்னார். 1960இல் வெளியான அந்த ஆய்வில், அடிப்படை உயிர்களில் முறையாகப் பழகியவர்களின் குறிப்புகள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போயின. பயிற்சி பலன் தந்திருக்கிறது. நாக்கைவிடக் காதுக்கு அதிகம் தந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

நாக்கைப் பற்றிய அறியாமைக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்க ஆங்கிலத்தின் 'ர்' ஒலி. சிலர் நுனியை மேலே மடித்துச் சொல்கிறார்கள், சிலர் நுனியைக் கீழே விட்டு நடுநாக்கைக் குவித்துச் சொல்கிறார்கள், இடைப்பட்ட வடிவங்களும் உண்டு. 1968இல் டெலாட்ர், ஃப்ரீமன் இருவரும் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இதை விரிவாகக் காட்டினார்கள். கேட்பவர் காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை. காது பிரித்துக்கொடுக்காததால் பேசுபவரும் தான் எந்தக் கட்சி என்று தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்.

இங்கே ஓர் இடைச்செருகல். ஆனால் உங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கும். 'பிள்ளை' நம் ஊர்ப் பேச்சில் 'புள்ளை' ஆகிறது. பெட்டி, பொட்டி. பெண், பொண்ணு. பிடி, புடி. பிழைப்பு, பொழப்பு. இதைக் கொச்சை, சோம்பல் என்று திட்டுவோர் உண்டு. கிளி ஏன் குளி ஆகவில்லை? பின்னல் ஏன் புன்னல் ஆகவில்லை? முன்னால் உதட்டெழுத்தும் பின்னால் ட, ண, ள, ழ போன்ற நாமடி எழுத்தும் இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. 'பிள்ளை' என்று மெதுவாகச் சொல்லி இகரத்தில் நாக்கைக் கவனியுங்கள். இகரத்துக்கு நாக்கு முன்னால் வர வேண்டும். அடுத்து வரும் ளகரத்துக்கு நுனி பின்னால் மடிய வேண்டும். நாக்கு இகரத்தை முடிப்பதற்குள்ளேயே பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது. உதடோ பகரத்தில் மூடித் திறந்த கையோடு இன்னும் முழுதாக விரியவில்லை. பின்வாங்கிய நாக்கும் குவிந்த உதடும் சேர்ந்தால் அது உகரம். பேசியவர் யாரும் இதைத் திட்டமிடவில்லை. ஒலியியல் படித்தவர்களுக்கு நாக்கைக் கவனிப்பதில் கிடைக்கும் சந்தோஷங்களில் இதுவும் ஒன்று. மெல்ல நிறுத்திச் சொன்னால் இந்தப் பின்வாங்கல் நன்றாகவே உணர முடிகிற விஷயம்; நுனி சம்பந்தப்பட்டது அல்லவா.

சரி, பேசும்போதே தெரியுமா என்ற கேள்வி. இயல்பான பேச்சில் நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒலிகள் ஓடுகின்றன. நாக்கு ஓர் இடத்தைத் தொட்ட செய்தி மூளைக்குப் போய், மூளை அதைக் கவனித்து, திருத்தம் சொல்லித் திரும்புவதற்குள் அந்த ஒலி முடிந்து அடுத்ததும் போய்விடும். அதனால் பேச்சு பெரும்பாலும் முன்கூட்டியே பழகிய கட்டளைகளின் ஓட்டம். உணர்வும் செவியும் பின்னாலிருந்து கணக்குச் சரிபார்க்கின்றன. கீழ்க்கடைவாய்ப் பல் பிடுங்கப் போய், ஊசி போட்டு நாக்கின் பாதி மரத்துப்போன நிலையில் வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறீர்களா? ஸகரம் கொஞ்சம் வழுக்கும், வாய் கோணுவதுபோல் இருக்கும். ஆனால் சொன்னது எதிர்முனைக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு நொடியும் நாக்கின் உணர்வைக் கேட்டுத்தான் பேசுகிறோம் என்றால் அது நடக்காது.

ஆகவே ஓடும் பேச்சில் ஒவ்வொரு ஒலியையும் உணர்வதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல வருடம் ஒலியியல் நடத்தியவர்களும் கல்யாண வீட்டுப் பந்தியில் பேசும்போது நாக்கை நினைப்பதில்லை. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம், வேண்டியபோது நிறுத்திப் பார்க்கத் தெரியும் என்பதுதான். அதோடு சில ஒலிகளில், குறிப்பாகத் தங்களுக்குத் தகராறு கொடுத்த ஒலிகளில், தானாகவே ஒரு கவனம் தட்டும். காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் 'ழ' வரும்போது மட்டும் ஒரு நூலிழை மெதுவாகிற பேச்சாளர்களைக் கேட்டிருப்பீர்கள். அது அந்தக் கவனம். 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய நாளிலிருந்து வாழையடி வாழையாக அந்த மேடையில் இது இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஊர்ப் பேச்சு ளகரம், மேடைப் பேச்சு ழகரம் என்று இரண்டு நாக்கோடு வாழ்கிற ஊர் இது.

உங்களுக்கு வந்த தடுமாற்றமும் இந்த இடத்தில்தான் புரியும். பழகிப்போன அசைவை நடுவில் கவனித்தால் அது தடுக்கும். படியில் இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படி என்று எண்ணிப்பார்த்தவன் தடுமாறுவது மாதிரி. புதிதாக ஒலியியல் படிக்கும் மாணவர்களில் கணிசமானோருக்கு இது வருகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு 'இப்போது என் ட எங்கே பட்டது' என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்பதும் காதில் விழாது. பெரும்பாலும் படிப்பின் சூடு ஆறியதும் போய்விடும். விரைவாகப் போக வேண்டும் என்றால் கவனிப்பதற்கு என்று தனி நேரம் ஒதுக்குங்கள். காலையில் பத்து நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றைச் சொற்கள், மௌனமாகவும் சத்தமாகவும். அதற்கு வெளியே, பேச்சில் கவனம் நாக்குக்குப் போகிறது என்று தெரிந்தால், கேட்பவர் முகத்தைப் பாருங்கள். பேச்சுக் குறைபாட்டுக்குச் சிகிச்சை எடுப்பவர், திக்குவாய் உள்ளவர் ஆகியோர் விஷயம் வேறு. அவர்கள் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்காமல் இந்தக் கவனிப்பில் இறங்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காமல் விட்டது: இந்த உணர்வால் வகுப்பறையில் பலன் உண்டா? உண்டு. காட்ஃபோர்டும் டேவிட் பிசோனியும் 1970இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசுவோரில் ஒரு குழுவுக்கு அந்நிய ஒலிகளைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லவைத்துக் கற்பித்தார்கள். இன்னொரு குழுவுக்கு நாக்கை எங்கே வைப்பது, எப்படி அசைப்பது என்று உறுப்புவழியில், மௌனப் பயிற்சியோடு கற்பித்தார்கள். இரண்டாவது குழு அந்த ஒலிகளை நன்றாகச் சொன்னது, அதில் வியப்பில்லை. கேட்டு அடையாளம் காண்பதிலும் அதே குழுதான் முன்னே நின்றது. நாக்குக்குத் தெரிந்தது காதுக்கும் உதவியிருக்கிறது. 'திரும்பத் திரும்பக் கேட்டால் தானாக வந்துவிடும்' என்று சொல்லும் ஆங்கில வகுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் எனக்கு ஞாபகம் வரும்.

உங்கள் மாணவர்கள் டீ, டேபிள், டாக்டர் எல்லாவற்றுக்கும் நம் டகரத்தைப் போடுவார்கள், நுனி மடிந்து. ஆங்கில ஒலி அதைவிட முன்னால், பல்லின் பின்மேட்டில் பிறப்பது. 'இன்னும் முன்னால், இன்னும் முன்னால்' என்று சொன்னால் பிள்ளைகள் நேரே பல்லுக்கு வந்து தகரமாக்கிவிடுவார்கள். அந்த மேடு அவர்களுக்குத் தெரியாத இடம் இல்லை, அங்கேதான் தினமும் 'மன்னன்' சொல்கிறார்கள். 'மன்ன்' என்று நிறுத்தச் சொல்லுங்கள். நாக்கை எடுக்காமல், மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் விடச் சொல்லுங்கள். வெடித்து வருவது ஆங்கிலத்தின் 'டி'க்கு மிக நெருங்கிய ஒலி. மலையாளிகள் 'காற்று' சொல்லும்போது றகர இரட்டையில் கேட்கும் ஒலியும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. மூன்று நான்கு முறை மூக்கைப் பிடித்துச் செய்தபிறகு, பிடிக்காமல். வகுப்பில் சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் ஆகும், பரவாயில்லை.

உயிரொலிகளுக்கு மட்டும் நாக்கின் உயரம் என்று பிள்ளைகளிடம் ஆரம்பிக்காதீர்கள். ஷிப், ஷீப் வேறுபாட்டுக்குக் காதும் நீளமும் தாடையும் போதும். நாற்கரத்தை நீங்கள் உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால், தாடைக்கு அடியில் கருவியை வைத்து அல்ட்ராசவுண்டில் நாக்கின் மேல்வளைவை ஓடும் பேச்சிலேயே காட்டும் காணொளிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், பிறகு அதே சொல்லை மௌனமாக நீங்களும் சொல்லுங்கள். எங்கெல்லாம் உங்கள் உணர்வு படத்தோடு ஒத்துப்போகிறதோ அதை நம்பலாம். பின்நாக்கில் ஒத்துப்போகாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.